கால்களுக்குப் பலமூட்டுவது பாரமா? பாய்ச்சலா?

ஆண்டின் முதலாந் தவணை தொடங்கியதும் நமது பாடசாலை மைதானங்களிலே சுண்ணாம்புக் கோடுகள் தோன்றிவிடுகின்றன. இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் நெருங்குகின்றன என்பதற்கு அவையே அறிகுறி. உயரம் பாய்வோரும், நீளம் பாய்வோரும், குறுந்தூரம் ஓடுவோரும் தங்கள் கால்களுக்குப் பலந்தேட முற்படுங் காலம் அது. அப்பொழுது அவர்களுக்கு இருவகையான ஆலோசனைகள் கிடைக்கின்றன. "பாரத்தைத் தோளிற் சுமந்து குந்தியெழும்பு, கால் தானாகவே உரம்பெறும்" என்பார் ஒருசாரார். "பாரந் தூக்கினால் உடம்பு இறுகிப்போம், பாய்ந்து பழகியவனே பாய்வான்" என்பார் மறுசாரார்.

வீட்டிலே பெற்றோருக்கு வேறு அச்சங்கள் உள. பாரந் தூக்கினாற் பிள்ளையின் வளர்ச்சி குன்றிவிடுமோ என்று தாய் அஞ்சுகின்றார். மதிலிலிருந்து நிலத்திற் குதித்துக் குதித்து முழங்காலைக் கெடுத்துக்கொள்வானோ என்று தந்தை கவலைப்படுகின்றார். இந்த அச்சங்களை எள்ளி நகையாடுதல் தகாது. பிள்ளைக்குப் பாடசாலைப் பருவம் ஒருமுறையே வாய்க்கின்றது. முழங்கால்களோ ஆயுள் முழுவதற்கும் இரண்டே. ஒரு தவணைப் பரிசுக்காக அவற்றைப் பழுதாக்கிக் கொள்வது பேதைமை. பழுதாகிவிடுமோ என்று அஞ்சி உடலைப் பேணாது விடுவதும் அதற்குக் குறைந்த பேதைமை அன்று. ஆதலின், இவ்விரு பயிற்சிகளும் உடம்பிலே என்ன செய்கின்றன, எதனை யார் எப்பொழுது கைக்கொள்ள வேண்டும் என்பதனை இங்கே ஆராய்வோம்.

பலம் வேறு, வலு வேறு

பேச்சு வழக்கிலே பலம், வலு என்னும் இரண்டினையும் ஒரே பொருளில் நாம் வழங்குகின்றோம். ஆனாற் பௌதிகவியல் கற்கும் மாணவர் இவற்றின் வேறுபாட்டை அறிவர். வேலை செய்யப்படும் வீதமே வலு. ஐம்பது கிலோகிராம் நிறையுள்ள அரிசி மூடையை நிலத்திலிருந்து தூக்கி வண்டியில் வைக்கும் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் நான்கு செக்கன்களில் வைக்கின்றார். மற்றவர் ஒரே செக்கனில் வைத்துவிடுகின்றார். இருவரும் செய்த வேலை ஒன்றே. இரண்டாமவரின் வலுவோ நான்கு மடங்கு.

விளையாட்டரங்கிலே பெரும்பாலும் வேண்டப்படுவது இந்த இரண்டாவது ஆற்றலே. முழுவேகத்தில் ஓடும் ஒருவரின் பாதம் நிலத்தில் தங்கியிருக்குங் காலம் ஏறக்குறைய ஒரு செக்கனில் பத்திலொரு பங்குதான். உயரம் பாய்பவர் கடைசி அடியை ஊன்றி மேலெழுவதற்கு எடுக்கும் நேரமும் ஒரு செக்கனில் ஐந்திலொரு பங்கை மிகுவதில்லை. ஆனால், ஒரு தசை தன் முழுப் பலத்தையுந் திரட்டுவதற்குச் செக்கனில் பத்தில் மூன்று பங்கோ அதற்கு மேலோ செல்லும். எனவே, எவ்வளவு பலமுடையவராயினும் அப்பலத்தை விரைவாக வெளிக்கொணரத் தெரியாதவராயின், அவர் பலம் திரண்டு வருமுன் பாதம் நிலத்தைவிட்டு நீங்கிவிடும். பெட்டகத்திற் பணம் நிறைய இருந்தும் சந்தைக்குப் போகையில் மடியில் நாலு காசே உடையவரின் நிலை அது. பெட்டகமே வெறுமையாயின், எவ்வளவு விரைவாகக் கையை விட்டாலும் பயனில்லை என்பதையும் மறத்தலாகாது.

பாரப்பயிற்சி பெட்டகத்தை நிரப்புவது. பாய்ச்சற் பயிற்சி அதனை விரைவாக எடுத்து வழங்கப் பழக்குவது. இவ்விரண்டும் எவ்வாறு வழக்கில் வந்தன என்பதை அறிந்தால் இவ்வுண்மை மேலும் தெளிவாகும்.

போர்க்கால வைத்தியசாலையில் வளர்ந்த முறை

பாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பலம்பெறும் உபாயம் மிகப் பழையது. கிரேக்க உலகைச் சேர்ந்த மைலோ என்னும் மல்லன் ஒரு கன்றுக்குட்டியை நாடோறும் தோளிற் சுமந்து வந்தானென்றும், அது வளர வளர அவன் பலமும் வளர்ந்ததென்றும், ஈற்றில் முழு எருதையே சுமந்தானென்றும் ஒரு கதை வழங்குகின்றது. கதையின் மெய்ம்மை எவ்வாறாயினும், அதிற் பொதிந்துள்ள கருத்து உண்மையானது.

அக்கருத்துக்கு வைத்திய சாத்திரத்திலே ஓர் ஒழுங்கான உருவங் கொடுத்தவர் அமெரிக்க இராணுவ வைத்தியரான தோமஸ் டிலோம் என்பவர். இரண்டாம் உலகப் போரிலே காலிற் காயமடைந்து, நெடுநாட் படுக்கையிற் கிடந்து தொடைத்தசை மெலிந்த வீரர்கள் அவரிடம் சிகிச்சைக்கு வந்தனர். அக்கால வழக்கப்படி இலேசான அசைவுகளைப் பன்முறை செய்விப்பதை விட்டு, அவரவர் பத்து முறை மாத்திரமே தூக்கக்கூடிய பாரத்தைக் கண்டறிந்து அதனைத் தூக்கச் செய்தார். பலம் கூடுந்தோறும் பாரத்தையும் கூட்டினார். மெலிந்த தொடைகள் விரைவாகத் தேறின. 1945ஆம் ஆண்டில் அவர் தமது முறையை வெளியிட்டார். மூன்றாண்டுகளின் பின் அதனை மேலும் எளிதாக்கி, அந்தப் பாரத்தின் அரைப்பங்கிற் பத்து முறை, முக்காற்பங்கிற் பத்து முறை, முழுப்பாரத்திற் பத்து முறை என மூன்று தொகுதிகளே போதுமென்று வகுத்தார். இன்றும் உலகெங்குமுள்ள உடற்பயிற்சி நிலையங்களிலே "பத்துப் பத்தாக மூன்று முறை" என்று சொல்லப்படுவதன் மூலம் இதுவே.

பாரப்பயிற்சி தொடங்கிய முதற் சில வாரங்களிலே கூடும் பலம் பெரும்பாலும் தசை பருப்பதால் வருவதன்று. உறங்கிக் கிடந்த தசைநார்களை ஒருங்கே எழுப்பி வேலை வாங்க நரம்புகள் கற்றுக்கொள்வதனால் வருவது அது. தசை பருப்பது அதன் பின்னரே. ஆதலின், "பாரந் தூக்கினால் உடம்பு ஊதிக் கனத்துவிடும்" என்று அஞ்சும் மாணவிகள் அவ்வச்சத்தை விட்டொழிக்கலாம்.

மொஸ்கோவிலிருந்து வந்த மறுமுறை

பாய்ச்சற் பயிற்சியை ஒரு தனிக்கலையாக வளர்த்தவர் சோவியத் நாட்டின் யூரி வெர்கோஷான்ஸ்கி. மொஸ்கோவிலே மெய்வல்லுநர்க்குப் பயிற்சியாளராக விளங்கிய அவர், 1950களின் பிற்பகுதியில் முப்பாய்ச்சற்காரரை உற்றுநோக்கினார். நிலத்திலே மிகக் குறைந்த நேரந் தங்கி மீண்டெழுபவரே மிகுந்த தூரம் பாய்கின்றார் என்பதைக் கண்டார். முப்பாய்ச்சலில் ஒற்றைக் காலில் இறங்கும்போது அக்கால் தாங்கும் விசை உடல் நிறையின் பத்து மடங்கையும் மிஞ்சுவதுண்டு. அத்துணை விசையை ஒற்றைக் காலுக்குத் தரவல்ல பாரத்தைத் தோளிற் சுமப்பது யாராலும் இயலாது. எனவே, அவர் வேறொரு வழி கண்டார். ஒரு பெட்டியின் மீதிருந்து கீழே இறங்கி, பாதம் நிலத்தைத் தீண்டிய மாத்திரத்தே மேல்நோக்கிப் பாய்வதே அது. தேர்ச்சிபெற்ற வீரருக்கு 75 சென்ரிமீற்றரும் 110 சென்ரிமீற்றரும் ஏற்ற உயரங்கள் என அவர் குறித்தார்.

இப்பயிற்சியின் மறைபொருள் யாது? இறங்கும்போது தொடையிலும் கெண்டைக்காலிலும் உள்ள தசைகளும், அவற்றை எலும்புடன் பிணைக்கும் தசைநாண்களும் சடுதியாக இழுபடுகின்றன. இழுபட்ட தசைநாண், இழுத்துவிட்ட கவண்வார் போலத் தன்னுள்ளே சக்தியைச் சேமிக்கின்றது. தாமதமின்றி மேலெழுந்தால் அச்சக்தி பாய்ச்சலுடன் சேர்ந்துகொள்ளும். சிறிது தாமதித்தாலோ அது வெப்பமாக வீணாகிவிடும். கங்காரு களைப்பின்றி நெடுந்தூரம் தாவிச் செல்வதும் இவ்வுபாயத்தினாலேயே.

இம்முறை மேல்நாடுகளுக்குப் பரவியது பிற்காலத்திலேதான். 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் சோவியத் வீரர் வலேரி போர்சோவ் 100 மீற்றர், 200 மீற்றர் ஆகிய இரு ஓட்டங்களிலும் முதலிடம் பெற்றமை மேல்நாட்டார் கண்களை விழிக்கச் செய்தது. "பிளையோமெற்றிக்ஸ்" என்னும் பெயரை 1975ஆம் ஆண்டில் இப்பயிற்சிக்குச் சூட்டியவர் அமெரிக்க ஓட்டவீரராக விளங்கிய பிரெட் வில்ற் என்பவர்.

இதனைக் கொண்டு சோவியத் வீரர்கள் பாரத்தைத் தொடாதவர்கள் என்று எண்ணிவிடலாகாது. 1963ஆம் ஆண்டில் 2.28 மீற்றர் உயரம் பாய்ந்து உலக சாதனை படைத்து, அடுத்த ஆண்டு ரோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கப்பதக்கம் வென்ற வலேரி புருமெல், இரும்புத் தண்டைத் தோளிற் சுமந்து பயின்றவர்களுள் முன்னணியில் வைத்தெண்ணப்படுபவர். பாய்ச்சலுக்கு உலகிலே முதன்மை பெற்றவரே பாரத்தையும் கைவிடவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

உயரம் பாய்தல் நமக்கும் அந்நியமான கலையன்று. யாழ்ப்பாணத்தின் மைந்தரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958ஆம் ஆண்டில் ரோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவிலே 2.03 மீற்றர், அதாவது ஏறக்குறைய 6 அடி 8 அங்குலம் பாய்ந்து, ஆசிய விழாக்களில் இலங்கைக்கு முதலாவது தங்கப்பதக்கத்தை ஈட்டித்தந்தார். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கியிலும் 1956ஆம் ஆண்டு மெல்போர்ணிலும் நடந்த ஒலிம்பிக் விழாக்களிலும் அவர் பங்குபற்றினார். நம் பிள்ளைகளின் கால்களுக்கு அத்தகைய ஆற்றல் எட்டாதது என்று எவரும் சொல்லமுடியாது.

ஆறு வாரப் பரிசோதனை

இரண்டினுள் எது சிறந்தது என்னும் வினாவுக்கு விடை காணப் பல பரிசோதனைகள் நடைபெற்றுள்ளன. அவற்றுள் 1992ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஒன்றினை இங்கு எடுத்துக்காட்டுவோம். நாற்பத்தெட்டுப் பேரைச் சமமான நான்கு குழுக்களாகப் பிரித்தனர். முதற் குழுவினர் பாரஞ் சுமந்து குந்தியெழுந்தனர். இரண்டாங் குழுவினர் பாய்ச்சற் பயிற்சி மாத்திரம் செய்தனர். மூன்றாங் குழுவினர் இரண்டையும் இணைத்துச் செய்தனர். நாலாங் குழுவினர் ஒன்றுஞ் செய்யாதிருந்தனர்.

ஆறு வாரங்களின் பின் அவர்கள் நின்ற நிலையிற் பாயும் உயரத்தை அளந்தபோது, பாரக் குழுவினர் சராசரியாக 3.30 சென்ரிமீற்றரும், பாய்ச்சற் குழுவினர் 3.81 சென்ரிமீற்றரும் கூடுதலாகப் பாய்ந்தனர். தனித்தனியே இரண்டுக்கும் பெரும் வேறுபாடு இல்லை. ஆனால் இரண்டையும் இணைத்துப் பயின்ற குழுவினரோ 10.67 சென்ரிமீற்றர் கூடுதலாகப் பாய்ந்தனர். ஒரே பரிசோதனையை வேதவாக்காகக் கொள்ளுதல் தகாது. இதன்பின் நடந்த ஆராய்ச்சிகளிலே இத்துணைப் பெரிய வேறுபாடு எப்பொழுதும் காணப்பட்டதுமில்லை. எனினும், இரண்டும் ஒன்றற்கொன்று பகையல்ல, துணையே என்னும் முடிபு பொதுவாக உறுதிப்பட்டுள்ளது.

அப்படியாயின் தெரிவு என்ற ஒன்று இல்லையா எனின், உண்டு. எதனை முதலிற் செய்வது, எதனை மிகுதியாகச் செய்வது என்பதே அத்தெரிவு.

உமக்குக் குறைவது எது?

இதனை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு சுவரும், ஒரு வெண்கட்டித் துண்டும், ஓர் அளவுநாடாவும் போதும். நின்றபடியே மேலே பாய்ந்து சுவரிற் குறியிட்டு அளக்கும் இச்சோதனையை டட்லி சார்ஜென்ற் என்னும் அமெரிக்க ஆசிரியர் 1921ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

முதலிற் சுவரின் அருகே நிமிர்ந்து நின்று கையை உயர்த்தி, எட்டிய இடத்திற் குறியிடுக. அடுத்து, தொடைகள் நிலத்துக்கு ஏறக்குறையச் சமாந்தரமாக வரும்வரை முழங்காலை மடித்து, அந்நிலையிலேயே மூன்று செக்கன் அசையாதிருந்து, மேலும் தாழாமல் மேலே பாய்ந்து குறியிடுக. இது சேமித்த சக்தியின் உதவியில்லாத பாய்ச்சல். பின்பு நிமிர்ந்து நின்று, சடுதியாகத் தாழ்ந்து உடனே பாய்ந்து குறியிடுக. இது அவ்வுதவியுடன் கூடிய பாய்ச்சல். ஒவ்வொன்றையும் மும்முறை செய்து சிறந்ததைக் கணக்கிற் கொள்க. கையை வீசும் முறை இரண்டிலும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

இரண்டாவது பாய்ச்சல் முதலாவதைவிடச் சில சென்ரிமீற்றரேனும் உயர்ந்திருப்பது இயல்பு. இரண்டும் ஏறத்தாழச் சமமாயிருப்பின், பலமிருந்தும் அதனை விரைவாகப் பயன்படுத்தும் பழக்கம் குறைவு என்று கொள்ளலாம். அவருக்குப் பாய்ச்சற் பயிற்சி மிகுதியாக வேண்டும். இரண்டுக்குமிடையே நல்ல வேறுபாடு இருந்தும், அசையாதிருந்து பாய்ந்த உயரம் மிகக் குறைவாயிருப்பின், அவருக்குக் குறைவது அடிப்படைப் பலம். பாரமே அவருக்கு முதன் மருந்து. இச்சோதனை பயிற்சியாளர் கைக்கொள்ளும் ஒரு வழிகாட்டியேயன்றி முடிந்த தீர்ப்பன்று. ஆயினும், கண்ணை மூடிக்கொண்டு பிறரைப் பின்பற்றுவதிலும் இது எவ்வளவோ மேலானது.

மாணவருக்குச் சில வார்த்தைகள்

முற்றாகப் புதியவர் பாரத்திலிருந்தே தொடங்குதல் நன்று. இங்கு பாரமென்றது முதலில் தம்முடம்பின் பாரத்தையே. இரு பாதங்களையும் தோளளவு அகற்றி நின்று, குதி நிலத்தைவிட்டு எழும்பாமல், முதுகு வளையாமல், முழங்கால்கள் உள்ளே சாயாமல் இருபது முறை குந்தியெழ முடியுமாயின், அதன்பின் வேறு பாரத்தைச் சேர்க்கலாம்.

அதற்கு இரும்புத் தண்டு கிடைக்காத வீடுகளிலே தண்ணீர்க் கலனே நல்ல கருவி. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோகிராம் நிறையுடையது. ஐந்து லீற்றர்க் கலனை மார்போடு அணைத்துக் குந்தியெழுக. பத்து முறை வீதம் மூன்று தொகுதிகள், இடையிலே இரண்டு நிமிட ஓய்வு. இவ்வாறு வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் போதும். அடுத்தடுத்த இரு நாட்களிலே பன்னிரண்டு முறை ஒழுங்காகச் செய்ய முடிந்தால் ஒரு லீற்றர் கூட்டுக. மைலோவின் கன்று வளர்ந்த கதை இதுவே. குந்தியெழுதலுடன், வீட்டுத் திண்ணையிலோ படியிலோ ஒற்றைக்காலால் ஏறியிறங்குதலையும், படியின் விளிம்பில் நின்று குதியை உயர்த்தித் தாழ்த்துதலையும் சேர்த்துக்கொள்ளலாம். இவை மூன்றும் தொடையையும், இடுப்பின் பின்புறத்தையும், கெண்டைக்காலையும் முறையே வலுப்படுத்தும்.

இவ்வாறு ஆறு வாரம் சென்றபின் பாய்ச்சலைச் சேர்ப்பது முறை. ஆனால் மதிலிலிருந்து குதிப்பதைக் கொண்டு தொடங்குதல் பெரும் பிழை. முதலிற் கற்கவேண்டியது மேலெழுவதையன்று, இறங்குவதை. பாதத்தின் முன்பகுதி முதலிற் பட்டு, பின் முழுப்பாதமும் படிந்து, முழங்கால் மடிந்து, ஓசையில்லாமல் இறங்கப் பழகுதல் வேண்டும். இறங்கும் ஓசை பெரிதாகக் கேட்குமாயின், அதிர்ச்சியைத் தசைகள் தாங்காமல் மூட்டுகள் தாங்குகின்றன என்பது பொருள்.

இது மாணவிகளுக்குச் சிறப்பாக இன்றியமையாதது. பாய்ந்து இறங்குவதும் சடுதியாகத் திரும்புவதும் நிறைந்த வலைப்பந்தாட்டம் போன்ற விளையாட்டுக்களில், முழங்காலின் உள்ளே குறுக்காகச் செல்லும் இணையம் அறுபடும் விபத்துப் பெண்களுக்கே மிகுதியாக நேர்கின்றது. முழங்கால் உட்சாயாமல் இறங்கப் பயிற்றுவதால் இவ்விபத்தைக் கணிசமாகக் குறைக்கலாம் என்பது ஆராய்ச்சியாற் புலப்பட்டுள்ளது.

கயிறடித்தல், இருந்த இடத்திலேயே சிறிதாகத் துள்ளுதல், நின்ற நிலையில் நீளம் பாய்தல், தாழ்ந்த பெட்டியின்மீது பாய்ந்தேறுதல், பின்னர் ஒற்றைக்காலிற் கெந்திச் செல்லுதல் என்று படிப்படியாகச் செல்க. கயிறடித்தல் நீங்கலாக, புதியவர் ஒருநாளில் எண்பது முதல் நூறு முறைக்கு மேல் நிலத்தை உதைத்தெழலாகாது. ஒரு பயிற்சிக்கும் அடுத்ததற்குமிடையே இரண்டு நாளாவது ஓய்வு வேண்டும். களைத்தபின் செய்யும் பாய்ச்சலிற் பயனில்லை, கேடே உண்டு. இரண்டையும் ஒரே நாளில் செய்வதாயின் பாய்ச்சலை முன்னும் பாரத்தைப் பின்னும் வைத்துக்கொள்க.

உயரமான பெட்டியிலிருந்து இறங்கிப் பாயும் கடும்பயிற்சி, தம் உடல் நிறையின் ஒன்றரை மடங்கு பாரத்தைச் சுமந்து குந்தியெழ வல்லவருக்கே உரியது என்பது பயிற்சியாளரிடையே நெடுங்காலமாக வழங்கிவந்த விதி. அதாவது, ஐம்பது கிலோகிராம் நிறையுள்ள மாணவன் எழுபத்தைந்து கிலோகிராமைச் சுமந்து எழவேண்டும். இலேசான பாய்ச்சல்களுக்கு இவ்விதி வேண்டியதில்லை. ஆனால், நெஞ்சளவு மதிலிலிருந்து குதிக்கும் சிறுவர்கள் இவ்விதியைக் கேட்டறிந்திருப்பது நலம்.

தரையையும் கவனிக்க வேண்டும். சீமெந்துத் தரை ஆகாது. புற்றரையே உத்தமம். ஆழமான கடற்கரை மணல் மூட்டுகளுக்கு இதமானது. ஆயினும் உதைத்த விசையை அது விழுங்கிவிடுவதால், தசைநாணின் கவண்வார்ச் செயல் அங்கே நன்கு பழக்கப்படுவதில்லை.

பெற்றோரின் அச்சங்கள்

பாரந் தூக்கினால் வளர்ச்சி குன்றும் என்பதற்கு ஆதாரமில்லை. தகுந்தவர் மேற்பார்வையிலே, முறையாகச் செய்யப்படும் பாரப்பயிற்சி பிள்ளைகளின் எலும்பு வளர்ச்சியைப் பாதிப்பதில்லை என்பதே அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம் போன்ற அமைப்புக்களின் கருத்து. ஆபத்து விளைவது, தோழரோடு பந்தயங் கட்டி, தாங்கமுடியாத பாரத்தைத் தனியே தூக்க முயல்வதனாலேயே.

பாய்தலைப் பற்றியும் ஒரு நற்செய்தி உண்டு. 2001ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியிலே, பருவமடையாத சிறுவர் சிறுமியர் இரண்டடி உயரப் பெட்டியிலிருந்து வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு நூறு முறை வீதம் ஏழு மாதம் மேற்பார்வையுடன் குதித்தனர். குதிக்காத பிள்ளைகளோடு ஒப்பிடுகையில் அவர்களின் இடுப்பெலும்பும் முள்ளந்தண்டும் கூடுதலாகத் திண்மை பெற்றிருந்தன. நம் முன்னோர் காலத்துப் பிள்ளைகள் கெந்தித்தொட்டும் கிளித்தட்டும் ஆடியதிலே இந்நன்மை தானே கிடைத்துவந்தது. கிணற்றடியிலே துலா மிதித்தவர்களின் கால்களுக்குப் பாரப்பயிற்சியும் தேடாமலே வாய்த்தது. இயந்திரம் நீரிறைக்க, பிள்ளைகள் கைத்தொலைபேசியோடு அமர்ந்திருக்கும் இக்காலத்தில், இழந்ததை நாம் தேடிச் செய்யவேண்டியவராயினோம். ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி அறுபது நிமிடம் உடலை உழைப்பில் ஈடுபடுத்த வேண்டுமென்றும், தசைக்கும் எலும்புக்கும் உரமூட்டும் பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாளாவது செய்யவேண்டுமென்றும் உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிவுரை கூறுகின்றது.

ஆயினும் பிள்ளை நோவென்று சொல்லும்போது அதனை அலட்சியஞ் செய்தலாகாது. பயிற்சியின் மறுநாள் தசையிலே தோன்றி இரண்டொரு நாளில் மறையும் உளைவு இயல்பானது. முழங்காற் சில்லுக்குக் கீழேயோ குதிக்கு மேலேயோ ஓரிடத்தில் நிலைத்து நின்று, பாயுந்தோறும் கூடும் நோவு வேறு. அது தசைநாண் தாங்கும் அளவை மீறிவிட்டோம் என்பதற்கு அறிகுறி. அப்பொழுது பாய்ச்சலை நிறுத்தி வைத்தியரை நாடுதல் வேண்டும். பாய்ச்சலால் வந்த இந்நோவுக்கு, வைத்தியர் மேற்பார்வையில் மெதுவாகச் செய்யும் பாரப்பயிற்சியே சிகிச்சைகளுள் ஒன்றாக இன்று வழங்குகின்றது.

வீட்டிலுள்ள முதியோருக்கு

கால்பலம் விளையாட்டு வீரருக்கு மாத்திரம் உரிய பொருளன்று. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவதற்கும், பேருந்துப் படியில் ஏறுவதற்கும், வழுக்கும்போது விழாமல் தாங்கிக்கொள்வதற்கும் வேண்டியது அதுவே. முதுமையிலே ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர், அதன்பின் பிறர் உதவியின்றி நடமாட இயலாது போவதை எத்தனையோ குடும்பங்களில் நாம் கண்டிருக்கின்றோம்.

1990ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலுள்ள முதியோர் இல்லமொன்றிலே, சராசரி வயது தொண்ணூறான பத்துப் பேர் எட்டு வாரப் பாரப்பயிற்சியிற் சேர்ந்தனர். இறுதிவரை செய்துமுடித்த ஒன்பதின்மரின் தொடைப்பலம் சராசரியாக 174 வீதம் அதிகரித்தது. அவர்களுள் இருவர் கைத்தடியைக் கைவிட்டு நடந்தனர். தொண்ணூறு வயதிலும் தசை கற்க மறுப்பதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

எனவே, முதியோருக்கு நாம் கூறுவது பாரம், பாய்ச்சலன்று. உறுதியான நாற்காலியிலிருந்து கைகளை மார்பிற் கட்டியபடி மெதுவாக எழுந்து, மெதுவாக அமர்க. முதலில் ஐந்து முறை, பின் பத்து முறை, பின் கையில் ஒரு லீற்றர்ப் போத்தலுடன். இருதய நோய், உயர் இரத்த அழுத்தம், முழங்கால் வாதம் உள்ளோர் வைத்தியரைக் கேட்டே தொடங்குதல் வேண்டும். மூச்சை அடக்காமல், எழும்போது வெளிவிடுதல் நன்று. பேரப்பிள்ளை கலனைத் தூக்கிக் குந்தியெழும் வேளையிலே பாட்டனாரும் நாற்காலியிலிருந்து எழுந்து பழகலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். பலமில்லாதவருக்கும், புதியவருக்கும், முதியவருக்கும் பாரம் முதன்மையானது. பலம் ஓரளவு நிரம்பியும் வேகங் குறைந்தவருக்குப் பாய்ச்சல் முதன்மையானது. போட்டிக்குச் செல்லும் மாணவருக்கோ இரண்டும் வேண்டும். முதல் ஆறு வாரம் பாரம் மேலோங்கவும், அடுத்த ஆறு வாரம் பாய்ச்சல் மேலோங்கவும், போட்டிக்கு முந்திய வாரம் இரண்டும் குறையவும் வகுத்துக்கொள்ளல் வேண்டும்.

கூட்டிப் பார்த்தால் இதற்கு ஏறக்குறைய மூன்று மாதங்கள் வேண்டும். மாசி மாதத்திற் போட்டி எனின், கார்த்திகையிலே கலனிற் தண்ணீர் நிறைத்தல் வேண்டும். மைதானத்திற் சுண்ணாம்புக் கோடு விழுந்தபின் தொடங்குபவனே அவசரப்பட்டு மதிலேறிக் குதிக்கின்றான். அவனே முழங்காலைப் பிடித்துக்கொண்டு அமர்ந்து பிறர் ஓடுவதைப் பார்க்கவும் நேர்கின்றது. மாணவர்களே! நாட்காட்டியை எடுத்துப் போட்டி நாளிலிருந்து பன்னிரண்டு வாரங்களைப் பின்னோக்கி எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். குறித்த நாளிலே ஐந்து லீற்றருடன் தொடங்குங்கள்.